கைடு மேசை

இந்த நகரத்துக்கு வருகிற எந்த மனிதனையும், மாமிசம் கலக்காமல், மனம் கோணாமல், பர்ஸ் இளைக்காமல் சாப்பிட வைத்து அனுப்ப என்னால் முடியும். இது தற்பெருமை இல்லை. தற்பெருமை என்றால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

நான் கைடு. கையில் மஞ்சள் கொடி, வாயில் சரித்திரம், பின்னால் ஒரு கூட்டம். கோட்டையையும் மணிக்கூண்டையும் பழைய பாலத்தையும் எவன் வேண்டுமானாலும் காட்டுவான். அவை எங்கேயும் ஓடிப்போவதில்லை. மத்தியான வேளையில் கூட்டத்திலிருந்து ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "சார், நாங்க சைவம்" என்று காதோடு காதாகச் சொல்வார் பாருங்கள், அப்போதுதான் யார் கைடு, யார் வெறுமனே கொடி பிடிக்கிறவன் என்பது தெரியும்.

இந்த ஊரில் சைவம் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு ஓட்டலும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருக்கிறது. ஒருத்தர், "சைவந்தான் சார், மீன் மட்டும் கொஞ்சம்" என்பார். இன்னொருத்தர், "கறியை மேலாப்ல எடுத்துட்டுத் தர்றோம்" என்பார். சூப்பில் எது கொதித்தது, உருளைக்கிழங்கு எந்த எண்ணெயில் குளித்தது என்றெல்லாம் கேட்கத் தெரிய வேண்டும். விலை விஷயம் அதைவிட மோசம். மணிக்கூண்டு தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் பாதி மணிக்கூண்டுக்குப் போகும். முட்டைக்கோஸ் என்னவோ அதே முட்டைக்கோஸ்தான்.

இவ்வளவு தெரிந்த என்னை மதிக்காத மனிதர் ஒரே ஒருவர்தான். என் சகலை.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஜவுளிக்கடை முதலாளி. வாழ்க்கையில் எதையும் பாராட்டுவதில்லை என்று விரதம் எடுத்தவர். எங்கள் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்து, "எங்க ஊர் தண்ணித்தொட்டி இதைவிட உசரம்" என்று சொன்னவர். போன தடவை வந்தபோது, மணிக்கூண்டின் காலடியில் இருக்கும் பெரிய ஓட்டலுக்கு எங்களை அழைத்துப் போய், ஆளுக்குக் கொஞ்சம் இலை தழை தின்ன வைத்து, வந்த பில்லை என் மூக்குக்கு நேரே ஆட்டி, "ஊர் உங்களுது சகலை, சோறு என்னுது" என்றார். அன்று தின்ற தழை எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அவர் குடும்பத்தோடு மறுபடி வருகிறார் என்று தெரிந்ததும் ஒரு சபதம் எடுத்தேன். இந்தத் தடவை சோறும் என்னுது. அதுவும் ஆறு தெரிகிற மாடி ஓட்டலில், வெள்ளைத் துணி போட்ட மேசையில். சாப்பிட்டு முடித்து அந்த மனிதர் வாயால், "சகலை, இந்த ஊர்ல நீங்க ஒரு ஆளுதான்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. சொன்ன பிறகு அவர் என்னை எப்போது வேண்டுமானாலும் அவமானப்படுத்திக்கொள்ளலாம்.

மனைவியிடம் விஷயத்தை எடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை உங்க அத்தான் குடும்பத்துக்கு நான்தான் விருந்து."

"எங்கே, நம்ம வீட்டிலயா? அப்போ அது என் விருந்தாச்சே."

"இல்லை. ஆத்தங்கரை மாடி ஓட்டல்ல."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் விஷயம் சபை ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"அங்கே விலை ஆகாசத்துல இருக்குமே."

"மத்தவங்களுக்கு. குழுவா போனா பாதி விலை. ஆறு பேர் இருந்தா குழு. உங்க அக்கா, அத்தான், மூணு பொண்ணுங்க. அஞ்சு ஆச்சு."

"நீங்க ஆறு."

"நான் கைடு. என்னைத் தலையில சேர்க்க மாட்டாங்க. குழு கூட்டிட்டு வர்ற கைடுக்கும் டிரைவருக்கும் சாப்பாடு இலவசம். அது தொழில் தர்மம்."

"அப்போ ஆறாவது யாரு?"

"நீதான். ஆனா நீ என் பொண்டாட்டின்னு முதலாளிக்குத் தெரியக் கூடாது. வீட்டு ஆளுங்களைக் குழுன்னு ஓட்டிட்டு வந்துட்டான்னு தெரிஞ்சா என் பேர் கெட்டுடும். ஒரு மத்தியானம் மட்டும் நீ சுற்றுலாப் பயணி. என்னை யாருன்னே தெரியாது உனக்கு."

"அதுல ஒண்ணும் கஷ்டம் இருக்காது" என்றாள்.

சண்டைக்கென்று பதில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். எதற்கும் வேலை வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்தால் நான் பயந்திருக்க வேண்டும். நான் மகிழ்ந்தேன்.

"ஆனா ஒண்ணுங்க. பயணின்னா முழுப் பயணி. அரையும் குறையுமா எனக்கு நடிக்க வராது."

"அதுதான் வேணும்" என்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

"நீங்க எங்கே உட்காருவீங்க?"

"கைடுங்களுக்குப் பின்னாடி ஒரு மேசை இருக்கு. சமையல்கட்டு வாசல்ல. ஏதோ கொடுப்பாங்க. தின்னுட்டு வருவேன்."

"ஏதோன்னா?"

"ஏதோ."

"பாவம்" என்றாள், மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டு.

உங்களிடம் மறைப்பானேன். அந்த 'ஏதோ' என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாடி ஓட்டலில் கறியும் மீனும் விருந்தாளிகளுக்கு. அதைச் சமைக்கிற ஆட்களுக்கும் அதையே போட்டால் முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அவர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு அடுப்பில் சமைத்துக்கொள்வார்கள். பூண்டு தட்டிப் போட்ட பருப்பு. தணலில் சுட்டு மசித்த கத்திரிக்காய். வதக்கிய கீரை. கல்லிலிருந்து நேரே தட்டில் விழுகிற ரொட்டி. நாளெல்லாம் ஊராருக்குச் சமைக்கிறவர்கள் தங்கள் நாக்குக்காகச் செய்கிற சாப்பாடு அது. பின்மேசைக்கு வருவது அதுதான்.

முன்மேசைக்கு, சைவக் குழு என்றால், வேகவைத்த கேரட் வரும். வெளிறிப்போன சூப் வரும். தட்டின் நடுவே ஒரு சோற்றுக் குன்றும், குன்றின் உச்சியில் ஒரு இலையும் இருக்கும். அதைப் படம் எடுக்கலாம்.

இந்த ரகசியத்தை எந்தக் கைடும் எந்தப் பயணியிடமும் சொன்னதில்லை. சொன்னால் பின்மேசையில் நெரிசல் வந்துவிடும். மனைவிமார்களிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, "வெயில்ல சுத்தினது, பசியே இல்லை" என்று ராத்திரித் தட்டைத் தள்ளி வைக்கிற தியாகிகள் நாங்கள். ஆக, என் திட்டத்தில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சகலைக்கு ஆற்றுக் காட்சி, எனக்குப் பருப்பு.

சகலையிடம் வேறு ஒரு கதை சொல்லி வைத்தேன். "முதலாளிக்கு என் மேல அவ்வளவு மரியாதை. சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சா காசே வாங்க மாட்டார். நமக்குத்தான் சங்கடம். அதனால உறவைக் காட்டிக்காதீங்க."

"அப்படியா" என்றார் சகலை. நம்பாத 'அப்படியா' அது. ஆனாலும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொடியோடு தெருமுனையில் நின்றேன். குழு வந்து சேர்ந்தது. அக்காள் பெண்ணிடம் வாங்கிய அகலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு என் மனைவி கடைசியாக வந்தாள். தோளில் ஒரு பெரிய பை. தண்ணீர் பாட்டில்கள், குடைகள், மூன்று பெண்களின் மேல்சட்டைகள் எல்லாம் அதற்குள். நேரே வந்து என் தோளில் மாட்டினாள்.

"கைடு, இதைப் பிடிங்க."

"பையைக் கைடு தூக்கறதில்லைம்மா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்படியா? போன ஊர்ல தூக்கினாங்களே."

அது எந்தப் போன ஊர் என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவளை எந்த ஊருக்கும் அழைத்துப் போனதில்லை. ஆனால் மாடி ஓட்டல் சிப்பந்தி ஒருவன் எதிரே சைக்கிளில் போனான். பையைத் தூக்கிக்கொண்டேன்.

மணிக்கூண்டின் முன்னால் நிறுத்தி வழக்கமான சரித்திரத்தை ஆரம்பித்தேன். ராஜா, எதிரி, முற்றுகை. எல்லாரும் வாய் பிளந்து கேட்கிற கட்டத்தில் ஒரு கை உயர்ந்தது.

"கைடு, இந்தக் கூண்டு ஏன் சாஞ்சிருக்கு?"

"சாயலைம்மா. நேராத்தான் நிக்குது."

"அதுவா அப்படி நெனச்சிட்டு நிக்குதோ என்னவோ. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்."

சகலை சிரித்தார். நான் முற்றுகையைப் பாதியில் முடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால், "சித்தி, இன்னொண்ணு கேளுங்க" என்று பெண்கள் அவளைத் தூண்டிவிடுவது காதில் விழுந்தது.

மாடி ஓட்டல் முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். தொந்தி முன்னால் வந்து வரவேற்கும், மனிதர் பின்னால் வந்து சேர்வார். தலைகளை எண்ணினார். குழு சரியாக இருந்தது. ஜன்னலோர மேசை, வெள்ளைத் துணி, கீழே ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலத்தின் மேல் வெயில். சகலையை ஓரக்கண்ணால் பார்த்தேன். கால்சட்டைப் பையில் கை விட்டுக்கொண்டு ஆற்றை முறைத்தார். தண்ணித்தொட்டி ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாரும் நிதானமா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பையை நாற்காலியில் வைத்துவிட்டு, பின்பக்கம் நழுவினேன்.

பின்மேசையில் மொட்டை உட்கார்ந்திருந்தான். பஸ் டிரைவர். என் பல வருஷத்துப் பந்திக் கூட்டாளி.

"என்ன இன்னைக்கு உன் குழு மாமனார் வீட்டுக் கூட்டம் மாதிரி இருக்கு?" என்றான்.

"வாயை மூடிட்டு ரொட்டியைத் தள்ளு."

முதல் துண்டு ரொட்டியைப் பருப்பில் தோய்த்து, கத்திரிக்காயில் புரட்டி, வாய்க்குக் கொண்டு போனேன். கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது எதிரே கறுப்புக் கண்ணாடி நின்றது.

"கைடு" என்றாள் என் மனைவி.

"உங்க இடம் அங்கேம்மா. இங்கே பயணிங்க வரக் கூடாது."

"சும்மா பார்க்கலாம்னு வந்தேன். நாங்க சமையல்கட்டைப் பார்க்காம எந்த ஊர்லயும் சாப்பிடறதில்லை." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். என் தட்டைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில், வெகுநாள் கணக்குக்கு விடை கிடைத்த திருப்தி தெரிந்தது. "ஓ. இதுதானா அந்த ஏதோ."

நான் தட்டை மொட்டை பக்கம் நகர்த்தினேன்.

அதற்குள் முதலாளி ஓடி வந்துவிட்டார். "என்னம்மா, ஏதாவது குறையா?"

"குறை ஒண்ணும் இல்லைங்க. எங்களுக்கும் இதையே போட்டுடுங்க."

"அம்மா, இது ஆளுங்க சாப்பாடு. விருந்தாளிக்குக் கொடுக்கறதில்லை."

"ஏன், நல்லா இருக்காதா?"

முதலாளி திகைத்தார். நல்லா இருக்காது என்று சொன்னால் சமையற்காரர் வாசலிலேயே கையில் அகப்பையோடு நிற்கிறார். நல்லா இருக்கும் என்று சொன்னால் பிறகு ஏன் முன்னாடி கேரட். அவர் பார்வை என் மேல் திரும்பியது.

"நீங்க சொன்னீங்களா, கைடு?"

"சத்தியமா இல்லை" என்றேன். மொட்டை என்னை ஒரு துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அவர் சொல்வாரா" என்றாள் மனைவி. "அவர் சட்டையில பூண்டு வாசனை. தணல்ல சுட்ட கத்திரிக்காய் வாசனை. காலையில போட்ட சட்டையில சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்கும். ஆனா மனுஷர், பசியே இல்லைன்னு சொல்வார்."

"நீங்க இவரோட ரொம்ப நேரமா நடந்துட்டு இருக்கீங்களா?"

"ரொம்ப நாளா நடந்துட்டு இருக்கற மாதிரி இருக்குங்க."

முதலாளி அதை வெயிலின் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்க வழியில்லை. இவள் என் பெண்டாட்டி என்று சொன்னால் குழு கலைந்துவிடும். சொல்லாவிட்டால் பின்மேசை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ரொட்டியை மென்று விழுங்கினேன்.

"அம்மா, அங்கேயிருந்துதான் ஆறு தெரியும். இங்கே வெங்காய மூட்டைதான் தெரியும்" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார் முதலாளி.

"ஆத்தைக் கரையில நின்னு பார்த்துக்கறோம். வெங்காயம் நாங்க வீட்டில தினமும் பார்க்கறதுதான். இதுக்கு விலையும் கம்மியாத்தானே இருக்கும்?"

சமையற்காரர் முதலாளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து அகப்பையோடு தலையாட்டினார், அதாவது அகப்பையும் ஆடியது தலையும் ஆடியது. அவ்வளவு வருஷம் அங்கே சமைத்த மனிதருக்கு, விருந்தாளி ஒருத்தி தன் சொந்தச் சாப்பாட்டைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

ஐந்து நிமிஷத்தில் மேசை மாறிவிட்டது. பெண்கள் மூன்று பேரும் பெஞ்சில் குதித்து உட்கார்ந்தார்கள். மொட்டை ஓரமாக ஒதுங்கினான். சகலை மட்டும் வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜவுளிக்கடை முதலாளி, பெஞ்சு, டிரைவர் பக்கத்தில். அவர் மனைவி, "உட்காருங்க, கால் வலிக்கும்" என்றதும் உட்கார்ந்தார்.

"நானும் இப்படி ஓரமா" என்று ஆரம்பித்தேன்.

"இடம் இல்லையே கைடு" என்றார் முதலாளி. "முன்னாடி ஆறு தட்டு வெச்சாச்சு. வீணாகக் கூடாது. நீங்க அங்கே உட்கார்ந்துக்கோங்க. இன்னைக்கு உங்களுக்கு ராஜ மரியாதை."

ராஜ மரியாதையோடு உட்கார்ந்தேன். வெள்ளைத் துணி. ஆறு. பாலம். எனக்கு முன்னால் ஆறு சோற்றுக் குன்றுகள், உச்சியில் ஆறு இலைகள், சுற்றிலும் ஊர்ப்பட்ட கேரட். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் ஒருவர் இவ்வளவையும் ஒருவன் தின்னப்போகிறானா என்று என்னைப் படம் எடுத்தார்.

கேரட்டை மென்றுகொண்டே பின்பக்கம் பார்த்தேன். சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தது. என் மனைவி நடுவில் உட்கார்ந்திருந்தாள். சமையற்காரர் தானே வந்து அவள் தட்டில் ரொட்டி போட்டார். அவள், "போதும்" என்றாள். அவர் இன்னொன்று போட்டார். அவள் ஏதோ கேட்டாள். அவர் அகப்பையை ஊன்றிக்கொண்டு விளக்கமாகப் பதில் சொன்னார். பிறகு அவர் ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், அவர் உள்ளே ஓடிப்போய்ப் பருப்பில் எதையோ தூவிக் கொண்டுவந்தார். எல்லாரும் மறுபடி தட்டை நீட்டினார்கள்.

எங்கள் வீட்டில் அவள் எல்லாருக்கும் போட்டுவிட்டு, நின்றபடியே சட்டியில் மிச்சத்தைத் தின்கிறவள். உட்கார்ந்து, யாரோ பரிமாற, சூடாக அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. என் பருப்பைப் பறித்துக்கொண்டவள் என்பதை மறந்து, எனக்குப் பெருமையாக இருந்தது. எழுந்து நின்று பக்கத்து மேசைக்காரரிடம், "அதோ, அந்தத் தொப்பிக்காரி என் வீட்டுக்காரி" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல முடியாதபடி நானே வழியை அடைத்து வைத்திருந்தேன். இன்னொரு கேரட்டை எடுத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்தது. பில் வந்தது. பாதி விலை என்று நான் பெருமையடித்ததில் பாதிகூட இல்லை. நான்தான் கொடுத்தேன், நிமிர்ந்து கொடுத்தேன். முதலாளி என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் போய், "இதையே தினமும் குழுவுக்குப் போட்டா எடுபடுமாம்மா?" என்று கேட்டார்.

"போட்டுப் பாருங்க. கேரட்டைக் கைடுங்களுக்கு வெச்சுக்கோங்க" என்றாள்.

மொட்டை தலையில் கை வைத்துக்கொண்டான்.

சகலை வாசற்படிக்கு வந்தார். பற்குச்சி ஒன்று வாயில். சட்டையில் பருப்பு ஒரு சொட்டு. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். பாராட்டு வாங்கிக்கொள்கிற அடக்கமான முகம் ஒன்று எல்லாக் கைடுகளிடமும் தயாராக இருக்கும். அதை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "இந்த ஊர்ல நல்ல சாப்பாடு இருக்குன்னு இன்னைக்கு ஒத்துக்கறேன்."

என் மார்பு விரிந்தது. பையின் வார் அறுந்துவிடும் போல இருந்தது.

"இத்தனை வருஷமா தப்பான ஆளை நம்பி வந்துட்டோம்" என்றார் சகலை, என் மனைவி பக்கம் திரும்பி. "அடுத்த தடவை முழு ஊரையும் சின்னவளே சுத்திக் காட்டட்டும்."

நல்ல கைடு கிடைத்தால், கிளம்பும்போது குழு ஏதாவது கையில் வைப்பது வழக்கம். அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. பர்ஸைத் திறந்து, ஒரு புது நோட்டை மடித்து, என்னைத் தாண்டிப் போய், என் மனைவியின் கையில் வைத்தார்.

"வேண்டாம் அத்தான்" என்று மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். முழுப் பயணியாக இருந்தவள், இப்போது முழுக் கைடாகிவிட்டாள். லேசாகத் தலை வணங்கி வாங்கி, கைப்பையில் வைத்தாள். பிறகு அதே கைப்பையைத் துழாவி, ஒரு சில்லறைக் காசை எடுத்து, என் பக்கம் நீட்டினாள்.

"வெச்சுக்கோங்க. பை தூக்கினதுக்கு."

முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். "ரொம்ப நன்றிம்மா" என்று குனிந்து வாங்கிக்கொண்டேன்.